அறுந்ததல்ல, அறுத்தது

மார்ச் 3, திங்கள்

தண்ணீர்த் தொட்டி மேட்டின் அடிவாரத்தில் இன்று கியர் மாறவில்லை. வலது கைப்பிடியின் நெம்புகோலை உள்ளே தள்ளினேன். கிளிக் என்று சத்தம் மட்டும் வந்தது. செயின் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடி வெறும் கிளிக். பின்சக்கரத்தின் ஆகச் சிறிய பல்சக்கரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. சிறியதில் செயின் இருந்தால் இறக்கத்தில் பறக்கலாம், மேட்டில் ஒரு முழம் ஏற முடியாது. வீட்டிலிருந்து அடிவாரம் வரை இறக்கம்தான். அதனால் அதுவரை எனக்கு எதுவும் தெரியவில்லை.

எழுந்து நின்று மிதித்துப் பார்த்தேன். முழங்கால் வேண்டாம் என்றது. அது சொல்லி நான் எப்போது கேட்டிருக்கிறேன்? இன்னும் கொஞ்சம் மிதித்தேன். பிறகு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வழியில் ஒரு பையன் வண்டியை நிறுத்தி, "பாட்டி, ஏதாவது உதவி வேணுமா?" என்றான். எனக்குப் பேரனும் கிடையாது, பேத்தியும் கிடையாது. நான் யாருக்குப் பாட்டி? "வேணாம் தாத்தா" என்றேன். போய்விட்டான்.

வீட்டு வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் வெளியே போய்த் திரும்பினால் என் வீட்டுக்காரர் உள்ளே நாற்காலியில்தான் இருப்பார். இன்று நின்றார்.

"என்ன, தள்ளிக்கிட்டு வர்றே?"

"கியர் போச்சு."

"அடடா" என்றார். உள்ளே போய்விட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

சைக்கிள் கடைக்காரர் வண்டியைத் தொட மாட்டேன் என்கிறார்.

கடை நிறைய வண்டி தொங்குகிறது. ஆள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். கேபிள் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு டயரைத் துடைத்தபடி, "இப்ப ஆகாதும்மா, வேலை ஜாஸ்தி" என்றார்.

"எப்ப ஆகும்?"

"சொல்ல முடியாதும்மா. வேற எடத்துல பாருங்களேன்."

"இந்த ஊர்ல ரேஸ் சைக்கிளுக்கு வேற எடம் எது?"

துடைத்த டயரையே மறுபடி துடைத்தார். போன வருஷம் இதே மனுஷர்தான் சக்கரம் மாற்றிக் கொடுத்து, "உங்க வயசுல இப்படி ஓட்டறவங்களை நான் பார்த்ததே இல்லை" என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். இப்போது என்ன வந்தது? ஜனவரியில் நான் விழுந்த கதை கடைக்காரர் காதுக்கும் போயிருக்கும். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் என்மேல் திடீர் அக்கறை.

சரி. நானே மாற்றுகிறேன்.

மார்ச் 5, புதன்

ஜனவரிக் கதையை நானே ஒரு முறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள்.

மேட்டில் பாதி தூரத்தில், பாறை ஒட்டிய வளைவில், எனக்குத் தலை சுற்றியது. சைக்கிளோடு ஓரமாகச் சாய்ந்தேன். கொஞ்ச நேரம் நினைவில்லை. பால் வண்டி ஓட்டுநர் பார்த்துத் தூக்கி வந்து வீட்டில் விட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த அழுத்த மாத்திரையின் அளவு அதிகம் என்று குறைத்தார். சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். தாராளமாக ஓட்டுங்கள் என்றார். இவரும் மகனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் மறந்துபோனது.

அன்றிலிருந்து எனக்கு எதிராக வீட்டில் ஒரு கட்சி. மகன் தினமும் ஆரம்பிப்பான்: "அம்மா, அந்தச் சைக்கிளை யாருக்காவது குடுத்துடலாம்மா." மருமகள் வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் தலையாட்டுவாள். இவர் எந்தப் பக்கமும் பேச மாட்டார். இவர் எதில்தான் பேசியிருக்கிறார்?

சைக்கிள் என் மகளுடையது. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போகும்போது, வித்துடும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் விற்கவில்லை. காலி மைதானத்தில் நானாக ஓட்டிப் பழகினேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலையையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் படித்ததுதான். அந்தக் கடையை இப்போது மகன் நடத்துகிறான். லென்ஸ் வெட்ட இயந்திரம் வாங்கி வைத்துவிட்டு, "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்றான். ரெஸ்ட் எடுக்கிறேன். மேட்டில்.

மேட்டுக்கு மேலே போய் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை. ஒரு தொட்டி, ஒரு பஸ் நிறுத்தம். விழுந்த பிறகு அந்த வளைவை நான் இன்னும் தாண்டவில்லை. தாண்டாதவரை அது நான் விழுந்த இடம். தாண்டிவிட்டால் வெறும் வளைவு. இது ஏன் ஒருவருக்கும் புரியவில்லை?

மார்ச் 6, வியாழன்

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்.

வாஷிங் மெஷின் இருக்கும் பின்னறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துப் பார்த்தேன். கேபிள் கைப்பிடியில் தொடங்கி, சட்டத்தின் கீழ்க்குழாய் வழியாக இறங்கி, பெடல் அச்சுக்கு அடியில் வளைந்து பின்சக்கரத்துக்குப் போகிறது. அது துண்டாகியிருந்தது பெடல் அச்சுக்கு அடியில். சேறு தெறிக்கும் இடம். குனிந்து பார்த்தாலும் தெரியாத இடம்.

தேய்ந்து போகிற கேபிள் எப்படிப் போகும்? ஒவ்வொரு இழையாகப் போகும். பூனை மீசை மாதிரி ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லா இழையும் ஒரே நீளம். துரு இல்லை. ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் கொஞ்சம் நசுங்கி இருக்கிறது.

அந்த வெட்டு எனக்குத் தெரியும். கண்ணாடிச் சட்டத்தின் கம்பியை ஒட்ட நறுக்குகிற கட்டர் அப்படித்தான் வெட்டும். வாழ்நாள் முழுக்க அதைப் பிடித்த கை இது.

அறுந்ததல்ல. அறுத்திருக்கிறார்கள். என் கடைக் கட்டரால்.

மார்ச் 8, சனி

கடைக்குப் போனேன். ஒருவர் புதுச் சட்டத்தை மூக்கில் வைத்துக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் அவர் காதுப் பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் நேராகச் சுவரிலிருந்து கட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் வாயில் புதிதாக ஒரு பள்ளம். மெல்லிய கம்பிக்குச் செய்த கட்டர் அது, எஃகைக் கடித்தால் பல் போகத்தான் செய்யும்.

"இந்தப் பள்ளம் எப்படிடா வந்துச்சு?"

"எந்தப் பள்ளம்மா?"

"நடிக்காதே. என் சைக்கிள் கேபிளை அறுத்தது நீதானே?"

மூக்கில் சட்டத்தோடு இருந்தவர், "நான் அப்புறம் வரட்டுமா சார்?" என்றார்.

"உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

"நான் ஏம்மா திருட்டுத்தனமா அறுக்கணும்? வேணாம் வேணாம்னு தினம் மூஞ்சிக்கு நேராத்தானே சொல்றேன்?"

"சொல்லிக் கேக்கலைன்னு அறுத்தே."

"அம்மா, நான் அறுத்திருந்தா கியரோட விட்டிருப்பேனா? பிரேக்கு, டியூபு, சீட்டு எல்லாத்தையும் சேர்த்துல்ல அறுத்திருப்பேன்."

உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனி அவனோடு பேசப் போவதில்லை. சாப்பாடும் தனியாக.

மார்ச் 9, ஞாயிறு

மகன் சாப்பிட வந்தான். எழுந்து பின்னறைக்குப் போய்விட்டேன். "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று இவர் மெதுவாகக் கேட்டார். "அவன் ஒத்துக்கிற வரைக்கும்" என்றேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

போனில் வீடியோ பார்த்தேன். ஒரு தாடிக்காரன் கேபிள் மாற்றுகிறான். என்ன பாஷையோ, மூச்சு விடாமல் பேசுகிறான். சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். கை எந்த பாஷையிலும் கைதான்.

மார்ச் 11, செவ்வாய்

பழைய கேபிளை வெளியே எடுக்கவே ஒரு பகல் போய்விட்டது.

கேபிளின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு உலோகக் குண்டு இருக்கிறது. அது கைப்பிடிக்குள் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். ரப்பர் உறையை உருட்டி விலக்கி, ஓட்டையில் பார்த்தால் குண்டு தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. டார்ச் அடித்தேன், தெரியவில்லை. பின்னாலிருந்து தள்ளினேன், வரவில்லை. தாடிக்காரனை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவன் முதலில் பெரிய நெம்புகோலை ஒட்டியிருக்கிற சின்ன நெம்புகோலைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறான். நான் அன்று அடிவாரத்தில் கோபத்தில் பெரியதைத் தள்ளித் தள்ளிக் குண்டை உள்ளே சுருட்டிவிட்டிருக்கிறேன். கேபிளை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சின்னதை அழுத்தினேன். ஒவ்வொரு கிளிக்காக இறங்கி வந்து, கடைசியில் ஓட்டையில் எட்டிப் பார்த்தது.

லென்ஸ் திருகாணி பிடிக்கும் ட்வீசரால் எடுத்தேன். ஒரு இழை விரலில் ஏறிவிட்டது. ரத்தம். இவர் பஞ்சோடு வந்தார்.

"விட்டுடேன்" என்றார்.

"என்னத்தை?"

பஞ்சை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

புதுக் கேபிள் போட்டாயிற்று. கேபிளும் அதன் மேல் உறையும் சந்தையில் குழந்தைச் சைக்கிள் விற்கிற கடையில் வாங்கினேன். பழைய உறை நுனியில் வெடித்திருந்ததால் அதைத் தூக்கிப் போட்டேன். புது உறையை அளந்து நறுக்கி, கைப்பிடியிலிருந்து கேபிளை நுழைத்து, பெடலுக்கு அடியில் வளைத்து, பின்னால் செயினைத் தள்ளுகிற கையில் கொண்டுபோய்க் கட்டிங் பிளேயரால் இழுத்துப் பிடித்துத் திருகினேன். தலைகீழாக வைத்துப் பெடலைச் சுற்றினேன். செயின் ஒவ்வொரு பல்சக்கரமாக ஏறியது, இறங்கியது.

யாரும் இல்லை பாராட்ட. வேண்டவும் வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

ரோட்டில் எடுத்தால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஒன்று மாற்றினால் இரண்டு தாவுகிறது. சில நேரம் மாறவே இல்லை, பத்தடி போனதும் தானாக நினைத்துக்கொண்டு மாறுகிறது. என் குடும்பம் மாதிரி.

செயின் பழசாக இருக்கும்.

மார்ச் 15, சனி

செயின் இல்லை. திருகாணியும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நான் போட்டதில் தப்பு இல்லை. நான் செய்ததில் தப்பு எங்கே இருக்கிறது?

மாலை: குப்பைக் கூடையிலிருந்து பழைய உறையின் துண்டை எடுத்தேன். அதன் வாயையும் புதியதின் வாயையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழையதில் கம்பிகள் நேராக, பென்சில் கட்டு மாதிரி நீளவாக்கில் ஓடுகின்றன. புதியதில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கிறது. சுருள் என்றால் இழுக்கும்போது அமுங்கும். நான் நெம்புகோலில் கொடுக்கிற இழுப்பை அது பாதி வழியில் விழுங்கிவிடுகிறது. பிரேக்குக்கு அது பரவாயில்லை, கியருக்கு ஆகாது. அந்தக் கடையில் எனக்குக் கொடுத்தது பிரேக் உறை.

பார்த்து வாங்காதது யார் என்று கேட்டால் — கேட்க இங்கே ஒருத்தரும் இல்லை. நல்லது.

கியர் உறை இருப்பது ஒரே ஒரு கடையில். டயர் துடைப்பவரிடம்.

மார்ச் 17, திங்கள்

போனேன். வண்டியைத் தொட வேண்டாம், உறை மட்டும் கொடுங்கள் என்றேன். ஸ்டாக் இல்லை என்றார். அவர் தலைக்குப் பின்னாலேயே சுருள் சுருளாகத் தொங்குகிறது. காட்டினேன். அது வேற மாடல் என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா உக்காந்துட்டீங்க?"

"அந்த மாடல் மாறுற வரைக்கும் இருக்கேன்."

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து, வேண்டிய நீளத்துக்கு நறுக்கி, முனைகளைத் தேய்த்து, மூடி போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். இது உங்க வீட்டு விஷயம். நான் யார் பக்கமும் இல்லை. என்னைக் கேட்டாங்க, தெரிஞ்சதைச் சொன்னேன். அதுக்கு மேல என்னை இதுல இழுக்காதீங்க."

"என் பையன் வந்து என்ன கேட்டான்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி டயரை எடுத்துக்கொண்டார்.

பார்த்தாயா? ஊருக்குள் போய் விசாரித்துவிட்டுத்தான் அறுத்திருக்கிறான்.

மார்ச் 19, புதன்

உறையை மாற்றினேன். இந்த முறை எல்லாம் அரைப் பொழுதில் முடிந்தது. கை பழகிவிட்டது. கேபிளின் நுனி பிரியாமல் இருக்கச் சின்ன மூடி போட்டு நசுக்கினேன். கைப்பிடி டேப்பையும் புதிதாகச் சுற்றினேன். நான் சுற்றியபோது இவர் வாசற்படியில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா சுத்தறே" என்றார்.

இவரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனையோ காலம்.

மார்ச் 21, வெள்ளி

சமதளத்தில் ஓட்டிப் பார்த்தேன். நெம்புகோலைத் தொட்டால் போதும், செயின் சட்டென்று அடுத்ததில் உட்காருகிறது. சத்தமே இல்லை. திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கேட்கும்படி அறிவித்தேன்: நாளைக் காலை மேடு.

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் அவனைப் பார்த்தாள். இவர் தண்ணீர் குடித்தார்.

மார்ச் 22, சனி

இன்று மேட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

வெளிச்சம் வந்ததும் ஷூ போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனேன். சைக்கிளுக்கு அடியில் இரண்டு கால்கள். இவர் கால்கள். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலை பெடலுக்கு அடியில். கண்ணாடி நெற்றிக்கு ஏறிக் கிடக்கிறது. கையில் என் கட்டர். அதன் வாய் கேபிளைக் கவ்வியிருந்தது.

"என்ன பண்றீங்க?"

"கண்ணாடியைத் தேடறேன்."

"தலையில இருக்கு."

"ஓ" என்றார். கையை எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை.

நீங்களா. நீங்களா இத்தனை நாளும்? பெத்த புள்ளையைக் கடையில வச்சு, வெளி ஆளுக்கு முன்னால திருடனைக் கேக்கற மாதிரி கேட்டேனே. ரெண்டு வாரமா அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசலையே. எதிரே உக்காந்து சோறு பிசைஞ்சீங்களே. இதையெல்லாம் வாய்விட்டே சொன்னேன்.

"அதான் எனக்குச் சாப்பாடு எறங்கலை" என்றார் தரையிலிருந்து.

"எழுந்திருங்க."

"முடியல. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கை குடு."

"குடுக்க மாட்டேன். பேசி முடிச்சுட்டு எழுந்திருங்க."

பேசினார். மேலே பார்த்துக்கொண்டே, கேபிளிடம் சொல்வது மாதிரி. நான் மேட்டில் விழுந்து கிடந்த நேரத்தில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். காபி ஆறிப்போகிறதே, இன்னும் காணோமே என்று என்மேல் எரிச்சல் வந்ததாம். "நீ அங்க கண்ணு மூடிக் கெடக்கே, நான் இங்க காபி ஆறுதுன்னு திட்டிக்கிட்டிருக்கேன். பால் வண்டி வாசல்ல நின்னப்பகூட, பால்தான் முன்னாடியே வந்துடுச்சுன்னு நினைச்சேன். அந்த நினைப்பு போகவே மாட்டேங்குது."

நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அறுக்கறதுக்கு முன்னாடி சைக்கிள் கடையில கேட்டேன். எதை அறுத்தா ஆள் விழாதுன்னு. பிரேக்கைத் தொட்டுடாதீங்க சார், கியர் போனா மேடு ஏறாது, தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்துடுவாங்கன்னு சொன்னார். பத்திரமாத்தான் அறுத்தேன்."

பத்திரமாக அறுத்தாராம். உலகத்தில் எந்தப் புருஷனாவது இப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருப்பானா?

"போகாதேன்னு நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அப்புறம் கேட்டேன், எவ்வளவு நேரமாக இப்படிப் படுத்திருக்கிறீர்கள் என்று. இருட்டாக இருந்தபோதே வந்துவிட்டாராம். "மொத தடவை பட்டுன்னு அறுத்துட்டேன். அது வெறும் கம்பி. இது நீ விரலைக் குத்திக்கிட்டுப் போட்டது. வெட்ட வரலை."

கை கொடுத்தேன். எழுந்திருக்க இரண்டு பேருக்கும் ரொம்ப நேரம் ஆனது. கட்டரை வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நான் மேட்டுக்குப் போகத்தான் போறேன்."

"தெரியும்" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

மகன் வந்தான். தட்டு எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அப்பாதான்னு தெரிஞ்சுச்சு" என்றேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. சாயங்காலம் கடைக்கு டீ குடிக்க வர்றப்ப கட்டரை எடுத்துட்டுப் போனார். நகம் வெட்டணும்னார்."

"பின்ன ஏன்டா சொல்லலை?"

"அப்பா பாவம்னுதான். நீங்க கோபப்பட்டா அவர் தாங்க மாட்டார். நான் தாங்குவேன்."

மருமகள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "இவர் தாங்கினார்னு யார் சொன்னது? தினம் என்கிட்டத்தான் பொலம்பல்." எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நானும்.

மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. நாளை கடைக்குப் போய், இயந்திரம் சொதப்பி வைத்திருக்கும் சட்டமில்லாத கண்ணாடிகளை எல்லாம் நானே பொருத்திக் கொடுக்கப் போகிறேன். அவன் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

மார்ச் 26, புதன்

மேடு இன்னும் பாக்கி. புதுக் கேபிள் இழுபட்டுக் கொஞ்சம் நீண்டிருக்கிறது, அதனால் கியர் மறுபடி கரகரக்கிறது. புதுக் கேபிள் எதுவானாலும் முதலில் அப்படித்தானாம். பின்னால் இருக்கிற குமிழைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி இறுக்க வேண்டும். இந்த முறை தலைகீழாகப் போடவில்லை, நேராக நிறுத்தியே பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒருவர் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்ற வேண்டும், ஒருவர் திருக வேண்டும்.

"யாராவது வந்து பிடிங்க" என்று பொதுவாகச் சொன்னேன். இவர் வந்தார்.

சீட்டை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பெடலைச் சுற்றினார். நான் திருகினேன். "இன்னும் கரகரங்குது" என்பார். திருகுவேன். "இப்ப?" "கொஞ்சம் இருக்கு." மறுபடி. "நின்னுடுச்சு" என்றார். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. இந்த மனுஷருக்கு இவ்வளவு நல்ல காதா? நான் கூப்பிட்டால் மட்டும் ஏன் கேட்பதில்லை?

ஒவ்வொரு பல்சக்கரமாக ஏற்றிக் காட்டினேன். எல்லாவற்றிலும் பெரியதில் வந்து நின்றது.

"மேட்டுல இதுலதான் போவியா?"

"ஆமா."

"இதைவிடப் பெருசு கிடையாதா?"

"இதுக்கு இதுதான் பெருசு."

பெடலை மறுபடி சுற்றிப் பார்த்தார். எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது என்று ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"நடுவுல மூச்சு வாங்கினா எறங்கி நிப்பியா?"

"மாட்டேன்."

தலையாட்டினார். அது சரி என்றா, இல்லையென்றா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நான் ஷூ போடும்போது இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எனக்கு முன்னால் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. போகிறவர் போகட்டும், எனக்கு என் வேலை.

அடிவாரத்தில் நெம்புகோலைத் தள்ளினேன். செயின் ஏறியது. அடுத்தது. அதற்கடுத்தது. பல்சக்கரம் பெரிதாகப் பெரிதாகக் கால் லேசாகிக்கொண்டே வந்தது. தொட்டிக்குப் போகிற பஸ் என்னைத் தாண்டிப் போனது. புகையைக் கக்கிவிட்டுப் போனது, நான் அதையும் திட்டிவிட்டு மிதித்தேன். மூச்சு வாங்கியது. வாங்கட்டும். மூச்சு வாங்குவதற்குத்தானே மேடு.

பாறை வளைவு வந்தது. அங்கே கைப்பிடிச் சுவரின்மேல் சலவைச் சட்டையோடு இவர் உட்கார்ந்திருந்தார். கால் தரையில் எட்டவில்லை. பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்க வேண்டும். வாயே திறக்காத மனுஷர் ஓட்டுநரிடம் என்ன சொல்லியிருப்பார்?

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையைத் தூக்கவில்லை, கூப்பிடவில்லை. நான் பக்கத்தில் போகும்போது, "வர்றியா" என்றார், வீட்டு வாசலில் கேட்கிற மாதிரி.

"வர்றேன்" என்றேன். அவ்வளவுக்குத்தான் மூச்சு இருந்தது.

நான் நிற்கவில்லை. அந்த இடத்தில் நின்றால் மறுபடி கிளம்புவது யாருக்கும் கஷ்டம். மேலே தொட்டிவரைக்கும் போனேன்.

இறங்கும்போது நின்றேன்.